பத்திரிகையில் தவறாக வந்துவிட்டது: சின்ன லிஸ்டட் கம்பெனி முதலில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கோவைப் பக்கம் ஜவுளி இயந்திர உதிரிபாகம் செய்யும் சிறிய நிறுவனம், மும்பை பங்குச் சந்தையான பி.எஸ்.இ.யில் பட்டியலிடப்பட்டது. சரக்கு கொடுத்த ஒருவர் பாக்கிப் பணம் கேட்டு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயமான என்.சி.எல்.டி.யின் சென்னை அமர்வில் மனு போட்டிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வணிக நாளிதழ் 'திவால் நடவடிக்கை தொடங்கியது' என்று தலைப்பு வைத்துவிட்டது. பங்கு லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரே நாளில் விழ அனுமதிக்கும் கடைசி எல்லையில் நிற்கிறது. டி.வி.யில் பேசுகிறேன், வக்கீல் நோட்டீஸும் போகட்டும் என்கிறார் எம்.டி. சட்ட விதிகளைக் கவனித்துக்கொள்ளும் கம்பெனி செக்ரட்டரி என்ன செய்ய வேண்டும்?

இன்றைக்கு அந்த இரண்டையுமே நிறுத்தி வையுங்கள். முதல் பதில் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். அதுவும் சின்னதாக, சரிபார்க்கக்கூடிய வாக்கியங்களில். பத்திரிகை தவறு செய்தால் நாளைக்கு இன்னொரு செய்தி போட்டு நகர்ந்துவிடும். நீங்கள் எழுதும் மறுப்பு எக்ஸ்சேஞ்ச் தளத்தில் தேதி, நேரத்தோடு நிரந்தரமாக நிற்கும். பின்னால் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியோ, வழக்குப் போடும் பங்குதாரரோ எடுத்துப் பார்க்கப்போவது பத்திரிகைச் செய்தியை அல்ல, எக்ஸ்சேஞ்சில் பதிவான அந்தக் கடிதத்தை, உங்கள் ஃபைலிங்கை.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை. செய்தியை அச்செடுத்து வரி வரியாகப் பிரியுங்கள். நீங்கள், நிதிப் பொறுப்பில் இருப்பவர், வழக்கைப் பார்க்கும் வக்கீல், மூன்று பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எது பொய், எது உண்மை ஆனால் கசக்கிறது, எது பாதி உண்மை என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் செய்தியில் முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். கோபம் முழுவதும் தலைப்பின் மேலோ ஒரு பத்தியின் மேலோ இருக்கும். 'செய்தி முழுக்கப் பொய்' என்று எம்.டி. சொல்வதை அப்படியே கடிதத்தில் இறக்கினால், சரியாக இருந்த முக்கால்வாசியையும் நீங்கள் எழுத்தில் மறுத்தவர் ஆகிவிடுவீர்கள்.

உங்கள் விஷயத்தில் தவறு எங்கே இருக்கிறது என்பது தெளிவு. சப்ளையர் போடுவது ஐ.பி.சி. எனப்படும் திவால் சட்டத்தின் 9ஆம் பிரிவு மனு. முதலில் பாக்கியைக் கட்டச் சொல்லி டிமாண்ட் நோட்டீஸ் வரும், பத்து நாள் அவகாசம் உண்டு, அப்புறம்தான் மனு. பாக்கி குறைந்தது ஒரு கோடி ரூபாய் இருக்க வேண்டும். 2020 மார்ச்சுக்கு முன்பு ஒரு லட்சம் போதும் என்று இருந்தது. மனு தாக்கல் ஆனதாலேயே எதுவும் தொடங்கிவிடாது. தீர்ப்பாயம் அதை ஏற்று உத்தரவு போட வேண்டும். ஏற்றுக்கொண்டால்தான் கம்பெனி நிர்வாகத்தைக் கையில் எடுக்கும் இடைக்காலத் தீர்வாளர் வருவார், இயக்குநர் குழுவின் அதிகாரம் நிற்கும், கடன் வசூலுக்குத் தடை வரும். நோட்டீஸ் வருவதற்கு முன்பே சரக்கின் தரம் பற்றியோ தொகை பற்றியோ உண்மையான தகராறு இருந்திருந்தால் மனு ஏற்கப்படாமலும் போகலாம். மனு தாக்கலுக்கும் ஏற்புக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைத்தான் அந்தத் தலைப்பு விழுங்கிவிட்டது.

சிறு நிறுவனங்களைப் பற்றி வரும் தவறுகளில் பாதி இந்த ரகம்தான். வருமான வரித்துறை சர்வே செய்யப் போனால் 'ரெய்டு' என்று வரும். விளக்கம் கேட்டு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்தால் 'அபராதம்' என்று வரும். ஆடிட்டர் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டியிருப்பார். அவர் கணக்கையே ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதுவார்கள். ப்ரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளித் தரப்பு, தன் பங்குகளில் 40 சதவீதத்தை அடகு வைத்திருந்தால், கம்பெனியின் 40 சதவீதப் பங்கே அடகில் இருப்பதாகக் கணக்குப் போடுவார்கள். தனி நிறுவனக் கணக்கையும் துணை நிறுவனங்கள் சேர்ந்த கணக்கையும் குழப்பிக்கொள்வது தினசரி நடப்பது. இதில் சதி ஒன்றும் இல்லை. ஒரு நிருபர் ஒரே மாலையில் பல நிறுவனங்களின் காகிதத்தைப் பார்த்து எழுதுகிறார், அவ்வளவுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? செபியின் பட்டியலிடல் விதிகள், 2015. அதில் 30ஆம் விதிதான் இங்கே வேலை செய்கிறது. பத்திரிகை வதந்தியை உறுதி செய்யவோ மறுக்கவோ தெளிவுபடுத்தவோ வேண்டும் என்ற கட்டாயம் சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களுக்கு 2024 ஜூன் 1 முதலும், முதல் 250 நிறுவனங்களுக்கு அதே ஆண்டு டிசம்பர் 1 முதலும் வந்தது. அவர்களுக்கும் விலை கணிசமாக அசைந்தால்தான், அசைந்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள். உங்களைப் போன்ற நிறுவனம் இந்தப் பட்டியலில் வராது. 'அப்படியானால் நமக்குக் கட்டாயம் இல்லை' என்று சிலர் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அதே விதியில் இன்னொரு உட்பிரிவு, எக்ஸ்சேஞ்ச் கேட்கும் எந்தக் கேள்விக்கும் குறிப்பான, போதுமான பதில் தர வேண்டும் என்கிறது. இதில் பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி என்ற பேதம் கிடையாது. செய்தி வந்து பங்கு விழுந்தால் எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளாரிஃபிகேஷன் கேட்டு மெயில் வரும். கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை என்ற விவரம் பொதுவெளியிலும் தெரியும். அந்த ஒரு வரி, பத்திரிகைச் செய்தியைவிட அதிகக் கேடு செய்யும். கேட்பதற்கு முன்னாலேயே நீங்களாகத் தெளிவுபடுத்தவும் விதி இடம் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த மனுவைப் பற்றி நீங்களே முன்னால் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லியிருக்க வேண்டுமா? வங்கி போன்ற நிதிக் கடன்காரர் மனு போட்டால், தாக்கலையே பாக்கித் தொகையோடு வெளியிட வேண்டும்; விதிகளின் மூன்றாம் அட்டவணை அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சப்ளையர் போட்ட மனுவை அப்படித் தனியாகச் சொல்லவில்லை. தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் சொல்லியாக வேண்டும். அதுவரை அது ஒரு வழக்கு என்ற கணக்கில் வரும். அப்போது தொகையின் அளவு முக்கியம். விற்றுமுதலில் 2 சதவீதம், நிகர மதிப்பில் 2 சதவீதம், மூன்றாண்டு சராசரி லாப நஷ்டத்தில் 5 சதவீதம். இந்த மூன்றில் எது குறைவோ அதைத் தாண்டினால் சொல்ல வேண்டிய விஷயம். சின்ன நிறுவனத்தில் லாபமே மெலிதாக இருக்கும், அதனால் இந்த வரம்பு நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கும். இரண்டு கோடி லாபம் பார்க்கும் கம்பெனிக்கு 5 சதவீதம் என்பது பத்து லட்சம். ஒரு கோடிக்குக் குறைந்து மனுவே போட முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கெடுவும் மணிக் கணக்கில்தான் ஓடும். ஏற்கெனவே தவறவிட்டிருந்தால் மறுப்புக் கடிதத்தோடு சேர்த்து அதையும் சரிசெய்யுங்கள். பத்திரிகையின் பிழையைச் சுட்டிக்காட்டும் கடிதமே உங்கள் தாமதத்துக்குச் சாட்சியாக நிற்கக் கூடாது.

இப்போது கடிதம். எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, எந்த வாக்கியம் என்று முதலில் குறிப்பிடுங்கள். அப்புறம் உண்மை நிலையைச் சொல்லுங்கள். ஏறக்குறைய இப்படி: 'இந்தச் செய்தியில் நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கியதாகக் கூறப்பட்டிருப்பது சரியல்ல. இத்தனை ரூபாய் பாக்கி கோரி ஒரு சப்ளையர் இந்தத் தேதியில் மனு தாக்கல் செய்துள்ளார். தீர்ப்பாயம் இதுவரை மனுவை ஏற்கவில்லை. சரக்கின் தரம் குறித்து மனுவுக்கு முன்பிருந்தே கடிதப் போக்குவரத்து உள்ளதால் நிறுவனம் இந்தத் தொகையை மறுக்கிறது. அடுத்த விசாரணை இந்தத் தேதியில். ஏற்பு அல்லது தள்ளுபடி உத்தரவு வந்தால் தெரிவிப்போம்.' இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உங்கள் ஃபைலில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

'ஆதாரமற்ற', 'உள்நோக்கம் கொண்ட', 'விஷமத்தனமான' போன்ற சொற்கள் வேண்டாம். அவை முதலீட்டாளருக்கு ஒன்றையும் சொல்வதில்லை, நிருபரை மட்டும் சீண்டும். 'நிறுவனத்தின் நிதிநிலை மிக வலுவாக உள்ளது' என்ற வாக்கியமும் வேண்டாம். அதை நிரூபிக்க அடுத்த காலாண்டில் எண்கள் கேட்பார்கள். காலாண்டு முடிந்து முடிவுகள் இன்னும் வராத சமயமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அப்போது டிரேடிங் விண்டோ மூடியிருக்கும், அதாவது உள்விவரம் தெரிந்தவர்கள் கம்பெனியின் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது; எண்களைப் பற்றிய சிறு கோடிகாட்டல்கூட, சந்தைக்கு இன்னும் சொல்லாத, விலையை அசைக்கக்கூடிய தகவலாகிவிடும். எம்.டி.யை டி.வி. முன்னால் உட்கார வைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். நெறியாளர் மனுவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மூன்றாவதாக 'ஆர்டர் புக் எப்படி இருக்கிறது' என்பார். சூடு பட்டிருக்கும் மனிதர் அந்தக் கேள்வியைத்தான் ஆசையாகப் பிடித்துக்கொள்வார்.

அதிகமாக மறுத்து மாட்டிக்கொண்ட கதைக்கு அமெரிக்காவின் பேசிக் இன்கார்ப்பரேட்டட் நிறுவனத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எஃகு ஆலைகளுக்கு வெப்பம் தாங்கும் பொருள்கள் செய்த நிறுவனம் அது. கம்பஸ்டியன் இன்ஜினியரிங் என்ற பெரிய நிறுவனம் 1976 முதலே அதை வாங்கப் பேசிக்கொண்டிருந்தது. பங்கில் வியாபாரம் சூடுபிடித்தது, பத்திரிகை கேட்டது. 1977 அக்டோபரில் கிளீவ்லாண்டு நாளிதழில், எந்த நிறுவனத்தோடும் இணைப்புப் பேச்சு நடக்கவில்லை என்று பேசிக்கின் தலைவர் சொன்னதாக வந்தது. 1978 செப்டம்பரிலும் நவம்பரிலும் நிறுவனம் அதே போக்கில் மேலும் இரண்டு முறை மறுத்தது. அந்த டிசம்பரில், பங்குக்கு 46 டாலர் என்ற விலையில் கம்பஸ்டியன் வாங்குவதை ஏற்பதாக அறிவித்தது. மறுப்பை நம்பி இடையில் விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். விலையும் அமைப்பும் முடிவாகாத வரை பேச்சுவார்த்தை முக்கியத் தகவலே இல்லை என்ற வாதத்தை 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில், வெளியிடும் கடமை இல்லாத இடத்தில் மௌனம் ஏமாற்று ஆகாது, 'கருத்து இல்லை' என்பதும் மௌனத்துக்குச் சமம்தான் என்று சொன்னது. அதாவது அந்த நிறுவனம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருக்க வழி இருந்தது. வாயைத் திறந்து 'இல்லை' என்றதுதான் வினையாகிப் போனது.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட முடியாது. நிருபரிடம் 'கருத்து இல்லை' என்று நீங்கள் சொல்லலாம், எக்ஸ்சேஞ்சிடம் சொல்ல முடியாது. ஆனால் மறுப்பின் எல்லையை எங்கே போடுவது என்பதற்கு அந்தத் தீர்ப்பு உதவும். எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கு மட்டும் மறுங்கள். 'எங்கள் மீது எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதிவிட்டு இன்னொரு சப்ளையரிடமிருந்து டிமாண்ட் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வீர்கள்?

எக்ஸ்சேஞ்சில் ஏறிய பிறகு பத்திரிகைக்குப் போங்கள். முதலில் நிருபருக்கு ஃபோன், அப்புறம் ஆசிரியருக்கு மெயில், அதோடு ஃபைலிங்கின் பிரதி. 'மனு தாக்கல் மட்டுமே ஆகியிருக்கிறது, தலைப்பு தவறு, திருத்தம் வேண்டும்' என்று ஒரே ஒரு கோரிக்கை போதும். ஒன்பது குறைகளை அடுக்கினால் ஆசிரியர் எதையும் திருத்த மாட்டார். மறுக்கவே முடியாத ஒரு பிழையைக் கொடுத்தால் பெரும்பாலும் திருத்துவார். இணையப் பதிப்பில் தலைப்பு மாறினால் அதுவே பெரிய பலன், ஏனென்றால் இனிமேல் வங்கிக்காரர் தேடும்போது கண்ணில் படுவது அதுதான். செய்தி முகமையிலிருந்து எடுத்துப் போட்டதாக இருந்தால் முகமையிடம் திருத்தம் கேளுங்கள். மூலத்தில் மாறாவிட்டால் இருபது தளங்களோடு தனித்தனியாகப் போராட வேண்டியிருக்கும்.

வக்கீல் நோட்டீஸ் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. முதல் வாரத்தில் அனுப்பும் நோட்டீஸ் அநேகமாக இன்னொரு செய்தியாகத்தான் மாறும், அதிலும் 'திவால்' என்ற சொல் திரும்ப வரும். வழிகள் இல்லாமல் இல்லை. அச்சுப் பத்திரிகை என்றால் பிரஸ் கவுன்சில். கண்டிக்கும், எச்சரிக்கும், அபராதம் போட அதிகாரம் இல்லை. செய்தித் தளம் என்றால் 2021 தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) விதிகளின்படி அதன் குறைதீர் அதிகாரி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அவதூறுக்கு சிவில் வழக்குப் போட ஓராண்டு அவகாசம் இருக்கிறது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆம் பிரிவில் கிரிமினல் புகாரும் கொடுக்கலாம், நிறுவனத்துக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் செய்தியை உடனே நீக்க வைக்கும் இடைக்கால உத்தரவை நம்பிப் போகாதீர்கள். ஜீ தொலைக்காட்சி நிறுவனம், புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் ஒரு கட்டுரைக்கு எதிராக டெல்லி விசாரணை நீதிமன்றத்தில் அப்படி ஓர் உத்தரவு வாங்கியது, உயர் நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. 2024 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விசாரணைக்கு முன்பே ஒரு கட்டுரையை முடக்குவது மிக அரிதாகச் செய்ய வேண்டியது என்பதுதான் அதன் சாரம். ஜீயின் வக்கீல் செலவை உங்களால் தாங்க முடியுமா என்பது வேறு கேள்வி.

உண்மையான சேதம் பங்கு விலையில் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். லோயர் சர்க்யூட் ப்ரமோட்டருக்கு வலிக்கும், ஆனால் ஆலை அதனால் நிற்காது. தொண்ணூறு நாள் கடனில் உருக்குக் கம்பி கொடுத்துக்கொண்டிருந்தவர் 'இனிமேல் அட்வான்ஸ் போட்டால்தான் லோடு ஏறும்' என்று சொல்லும்போதுதான் நிற்கும். நடப்பு மூலதனக் கடன் கொடுக்கும் வங்கிக் கிளை, புதுப்பித்தலைத் தள்ளிப்போடும்போது நிற்கும். சின்ன நிறுவனத்துக்கு ஒன்றிரண்டு வங்கிதான் இருக்கும், மாற்று வழி கிடையாது. அதனால் ஃபைலிங் ஏறிய அதே மணி நேரத்தில் வங்கி மேலாளருக்கும், பெரிய சப்ளையர்களுக்கும், முக்கிய வாடிக்கையாளர்களுக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். நிதிப் பொறுப்பாளர் நேரில் பேசட்டும். ஒரே நிபந்தனை: ஃபைலிங்கில் இல்லாத எதையும் யாரிடமும் கூடுதலாகச் சொல்லக் கூடாது. 'அடுத்த வாரம் செட்டில் பண்ணிவிடுவோம்' என்று ஒரு பார்ட்டியிடம் காதோடு காதாகச் சொல்வது, சந்தைக்குச் சொல்லாததை ஒருவருக்கு மட்டும் சொல்வதுதான்.

வாட்ஸ்அப்பையும் மறந்துவிடாதீர்கள். 2018 செப்டம்பர் 28 அன்று இன்ஃபிபீம் அவென்யூஸ் பங்கு ஒரே நாளில் சுமார் 70 சதவீதம் விழுந்தது; வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு குறிப்புதான் அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. நிறுவனம் விளக்கம் கொடுத்தது, ஆனால் அதற்குள் விழ வேண்டியது விழுந்துவிட்டது. உங்கள் ஊழியர் குழுக்களில், டீலர் குழுக்களில் ஃபைலிங்கின் இணைப்பை மட்டும் போடச் சொல்லுங்கள். சொந்த வார்த்தையில் யாரும் விளக்க வேண்டாம்.

வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கலிபோர்னியாவின் எமுலெக்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். 2000 ஆகஸ்ட் 25 காலையில், அதன் தலைவர் பதவி விலகிவிட்டார், கணக்குகள் திருத்தப்படுகின்றன என்று ஒரு போலி அறிக்கை செய்திச் சேவைகளில் ஏறியது. 100 டாலருக்கு மேலிருந்த பங்கு கால் மணி நேரத்தில் 50க்குக் கீழே போய், அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் வியாபாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் சந்தை திறந்திருந்தது, கலிபோர்னியாவிலோ விடிகாலை. உங்களுக்கு அந்த நேர வித்தியாசம் இல்லை. ஆனால் காலை 9.15க்கு எக்ஸ்சேஞ்ச் கூப்பிட்டால் யார் எடுப்பார், எம்.டி. வெளியூரில் இருந்தால் கடிதத்துக்கு ஒப்புதல் கொடுப்பது யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். முக்கியத் தகவல் எது என்று முடிவு செய்யும் அதிகாரிகளின் பெயரையும் தொடர்பையும் எக்ஸ்சேஞ்சிடம் ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள். அதில் இருக்கும் எண் இன்னும் வேலை செய்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

கடைசியாக, கேட்காத ஒன்று. தவறான செய்தி உங்களுக்குச் சாதகமாக வந்தாலும் இதே கடமைதான். பத்துக் கோடி ஆர்டரை நூறு கோடி என்று எழுதினால் எந்த எம்.டி.யும் வக்கீலைக் கூப்பிடுவதில்லை, மாலைக்குள் நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வார். 2021 ஏப்ரலில் நாடு ஆக்சிஜனுக்கு அல்லாடிக்கொண்டிருந்தபோது பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பங்கு சில வாரங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த நிறுவனம் 2019லேயே வாயுத் தயாரிப்பை விட்டுவிட்டு முதலீட்டு நிறுவனமாகிவிட்டது. அங்கே பெயரே குழப்பத்துக்குப் போதுமானதாக இருந்தது. உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்து, நீங்கள் பேசாமல் இருந்து, அந்த விலையில் ப்ரமோட்டர் குடும்பத்தில் யாராவது விற்றால், செபியின் மோசடித் தடுப்பு விதிகளின் கீழ் வரும் கேள்விகள் இந்தத் திவால் தலைப்பைவிட எத்தனையோ மடங்கு கடுமையாக இருக்கும்.

எம்.டி.யின் பெயரில் எழுத்துப் பிழை, தொடங்கிய ஆண்டு தவறு, பழைய புகைப்படம் போன்றவற்றை விட்டுவிடுங்கள். விலையையோ கடனையோ ஒழுங்குமுறை ஆணையத்தின் பார்வையையோ மாற்றாத பிழைக்கு ஃபைலிங் போட்டால், நாளைக்கு உண்மையிலேயே முக்கியமான கடிதத்தைப் படிக்க ஆள் இருக்காது.

உங்கள் மீதான மனு தள்ளுபடி ஆனாலோ சப்ளையரோடு சமரசம் ஆகித் திரும்பப் பெறப்பட்டாலோ, உத்தரவின் பிரதியோடு அதையும் ஃபைல் செய்து, அதே நிருபருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். அவர் அதை எழுதாமல் போகலாம். வங்கிக் கிளைக்கும் ஒரு பிரதி போகட்டும். அடுத்த புதுப்பித்தலின்போது அங்கே உட்கார்ந்திருக்கும் புது மேலாளர் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.